முணுமுணுக்கும் நிழல்

என்னைப் பார்த்தால், மூங்கில் காட்டுக்குள் தனி ஆளாக நின்று ஒரு கூலிப்படையையே விரட்டியவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பல் செட் செய்கிறவன் என்றுதான் சொல்வார்கள், அதுவும் நகக்கண்ணில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டர் மாவைப் பார்த்த பிறகு. நாள் முழுக்க ஒரு பல் லேபில் மேசை முன்னால் குனிந்து உட்கார்ந்து, முகமே தெரியாத யாருடைய வாய்க்கோ மெழுகில் பல் வரிசை வைத்துக்கொண்டிருப்பது என் பிழைப்பு. நான் குனிந்ததும் தொப்பை மேசை விளிம்பில் வசதியாக வந்து உட்கார்ந்துகொள்ளும். பல வருடப் பழக்கம் என்பதால் ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்துகொள்வதில்லை.

சர்க்கரை எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்னார். நடக்கச் சோம்பல்பட்டு நான் விஆர் ஹெட்செட் ஒன்று வாங்கினேன். கம்ப்யூட்டர் வேண்டாம், ஒயர் வேண்டாம், கையில் பிடிக்க எதுவும் வேண்டாம், முகத்தில் மாட்டிக்கொண்டால் அதிலுள்ள கேமராக்களே உங்கள் கையைப் பார்த்துக்கொள்ளும் என்றார் கடைக்காரர். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் என் மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ‘மூஞ்சிப்பெட்டி’ என்று பெயர் வைத்தாள். பெட்டியில் அச்சடித்திருந்த பெயர் அன்றோடு ஒழிந்தது.

அதில் நான் ஆடியது, மூங்கில் காட்டில் கூலிப்படையோடு மோதும் ஒரு சண்டை விளையாட்டு. எல்லாம் கை ஜாடைதான். விரல்களை மடக்கி நீட்டினால் குத்து. உள்ளங்கையை நிமிர்த்தித் தள்ளினால் எதிரி நாலடி பின்னால் போய் விழுவான். மணிக்கட்டுகளைக் குறுக்கே வைத்தால் தடுப்பு. ஒற்றை விரலை வளைத்து ‘வாடா’ என்றால் நிஜமாகவே வருவான். தோற்றுப்போனால் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்ட வேண்டும், உடனே சண்டை நின்றுவிடும். நான் ஆட ஆரம்பித்த முதல் வாரம் விரித்த கையை மடக்கவே நேரம் கிடைக்கவில்லை. ஒருநாள் ‘வாடா’ என்று விரலை வளைத்ததில் கண்ணாடி அலமாரியின் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. இன்னொரு நாள் ஆவேசத்தில் கூலிப்படைத் தலைவனை உதைக்கப் போய் சோபாவை உதைத்து, கால் விரல் கத்திரிக்காய் மாதிரி வீங்கி, மறுநாள் லேபில் படிக்கட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன். எங்கள் லேப் தரைத்தளத்தில் இருக்கிறது என்பதை முதலாளி பெரிய மனது பண்ணிக் கண்டுகொள்ளவில்லை.

ஆனால் போகப் போக எனக்கு ஒரு வித்தை பிடிபட்டது. அடிப்பதில் நான் சுமார்தான், ஒதுங்குவதில் மன்னன். எவன் எந்தப் பக்கம் கையை ஓங்கினாலும் நான் வலப்பக்கம் சரேலென்று நழுவிவிடுவேன். அடிக்க வந்தவன் காற்றை அடித்துக் களைத்துப்போவான், களைத்த பிறகு நான் போய் ஒரு தட்டு தட்டுவேன். இந்தப் போர்முறையில் வீரம் எங்கே இருக்கிறது என்று கேட்கக் கூடாது. ஆட்டத்தில் எனக்கு ‘தொட முடியாதவர்’ என்று பட்டம் கொடுத்தார்கள். அதைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினேன். வெளியூரில் வேலை பார்க்கும் அவள், “அப்பா, மாத்திரை போட்டீங்களா?” என்று பதில் அனுப்பினாள்.

வித்தை உடம்பில் ஊறிவிட்டது என்பது ஒரு பல் டாக்டரால் தெரியவந்தது. நான் செய்த மேல் செட் கடிக்கும்போது ஒரு பக்கம் தூக்குகிறது என்று அவர் லேபுக்கே வந்துவிட்டார். எந்த இடம் என்று காட்ட, செட்டைச் சட்டென்று என் முகத்துக்கு நேராக நீட்டினார். நான் வலப்பக்கம் நழுவி, மணிக்கட்டுகளைக் குறுக்கே வைத்து நின்றுவிட்டேன். என் முழங்கை பட்டு அவர் கையிலிருந்த செட் பறந்துபோய், கலக்கி வைத்திருந்த பிளாஸ்டர் கிண்ணத்தில் விழுந்தது. நான் என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினேன். டாக்டர் முதலாளியைத் தனியாகக் கூப்பிட்டு, இவருக்கு வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்தாராம்.

வீட்டில் பிரச்சினை இருக்கத்தான் செய்தது. அதற்கும் நான் வலப்பக்கம்தான் நழுவிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி, ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைச் சலவை செய்யும் ஒரு நிறுவனத்தில் மேற்பார்வையாளர். எந்தக் கறை எந்தச் சூட்டில் போகும் என்று விரிப்பை முகர்ந்தே சொல்வாள். இயந்திரங்களும் ஆட்களும் அவள் குரலுக்கு ஒரே மாதிரி அடங்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த நிறுவனம் வேறொரு ஊரில் புதிதாக ஒரு சலவை ஆலை திறக்கிறது. அதன் மொத்தப் பொறுப்பையும் அவளுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அவள் இதை என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, “இந்த வாய்ப்பு மறுபடி வராதுங்க. நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டாள்.

நான் கையைத் துடைத்துக்கொண்டே, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மறுபடி கேட்டபோது தலைவலி என்றேன். அதற்கடுத்துக் கேட்டபோது லேபில் வேலை முதுகை முறிக்கிறது, இந்த வாரம் போகட்டும் என்றேன். நான்காவது முறை அவள் வாயைத் திறப்பதற்குள் மூஞ்சிப்பெட்டியை எடுத்து மாட்டிக்கொண்டேன். முகத்தில் பெட்டி மாட்டியவனிடம் யார் என்ன கேட்க முடியும்? அதன் பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. நல்ல காலம், என் புத்தியைப் பற்றி வெளியே யாருக்கும் தெரியாது.

போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் போனால் ஜெயிப்பாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். போ என்று சொல்லவும் வாய் வரவில்லை. அதனால் தினமும் சாயங்காலம் கூலிப்படையைப் போட்டு அடித்தேன். அடிக்கும்போது வாய்க்குள் ஏதேதோ சொல்லிக்கொள்வேன். மெழுகு சுரண்டும்போதே முணுமுணுக்கிற ஆள் நான். லேபில் என்னை ‘ரேடியோ’ என்பார்கள். பெட்டிக்குள் கேட்க யாரும் இல்லை என்ற தைரியத்தில் ரேடியோ கொஞ்சம் சத்தமாகவே ஓடியிருக்க வேண்டும்.

இந்தச் சமயத்தில் கீழ்வீட்டு அக்கா ஒரு நாள் படியில் என்னை நிறுத்தினார். மேலே திமுதிமுவென்று சத்தம் கேட்கிறதே, எல்லாம் சரியாக இருக்கிறதா என்றார். நான் உடற்பயிற்சி செய்கிறேன் என்றதும் என் தொப்பையை ஒரு தடவை பார்த்தார். பிறகு, அது சரி, பகலிலும் கேட்கிறதே என்றார். பகலில் நான் லேபில் இருப்பேன், வேறு வீட்டுச் சத்தமாக இருக்கும் என்று அடித்துச் சொன்னேன். பாவம், வயதாகிவிட்டது, எது எங்கே கேட்கிறது என்று புரியவில்லை என நினைத்துக்கொண்டேன். என் மனைவிக்கு வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமை இல்லை, வேலை நாளில்தான் என்பது அப்போது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

விஷயம் வெளியே வந்தது என்னுடைய தற்பெருமையால்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லாக் கூலிப்படையும் சலித்துப்போய், இனி எனக்குச் சமமான எதிரி யார் என்று தேடினேன். ஆட்டத்தில் ‘நிழல்’ என்று ஒரு வசதி உண்டு. நாம் எப்படிச் சண்டை போடுகிறோம் என்று பார்த்துப் பார்த்து, நம்மை மாதிரியே ஆடும் ஓர் உருவத்தை அது செய்து வைத்துக்கொள்ளும். நாம் இல்லாத நேரத்தில் அந்தப் பெட்டியை எடுத்து மாட்டுகிற யாரும் அதோடு மோதலாம். ஆரம்பத்தில் ஆட்டம் வரிசையாக அனுமதி கேட்டபோது ஒன்றையும் படிக்காமல் சரி, சரி, சரி என்று விரலால் தட்டித் தள்ளியவன் நான். அப்படித்தான் என் நிழலும் பிறந்திருக்கிறது. தொட முடியாதவரை எதிர்க்கத் தொட முடியாதவர்தானே சரி என்று அதைக் கூப்பிட்டேன்.

வந்து நின்றது. முகம் கிடையாது, சாம்பல் நிறத்தில் ஓர் ஆள். ஆனால் நிற்கிற நிற்பு அச்சு அசலாக என்னுடையது. ஒரு தோள் இறங்கி, கழுத்து முன்னால் நீண்டு, மெழுகுப் பல்லைப் பார்ப்பது போலவே எதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் குத்தினேன், வலப்பக்கம் நழுவியது. மறுபடி குத்தினேன், மறுபடி வலப்பக்கம். இவ்வளவு அசிங்கமாகவா நான் நழுவுகிறேன் என்று எனக்கே கூச்சமாகிவிட்டது. அப்போது அது பேச ஆரம்பித்தது, என் குரலில்.

“போறாளாம் போறா. யாரு வேணாம்னா?” என்று சொல்லிக்கொண்டே ஒரு குத்து விட்டது. நான் அசந்துபோய் வாங்கிக்கொண்டேன். நான் தட்டிய சரிகளில் மைக்குக்கான சரியும் ஒன்று போலிருக்கிறது. என் கைவரிசையோடு என் வாய்வரிசையையும் அது சேர்த்துப் பிடித்து வைத்திருக்கிறது. “அங்க போனா நான் யாரு? மேடம் வீட்டுக்காரர். இந்த வயசுல புது லேப்புக்குப் போயி, மெழுகு எங்கப்பா இருக்குன்னு சின்னப் பசங்ககிட்ட கேட்டுக்கிட்டு நிக்கணும்.” ஒரு தள்ளு. “அவ ஜெயிச்சிருவா. ஜெயிச்சப்புறம் என்னை எதுக்கு?” வலப்பக்கம் ஒரு நழுவல். கடைசியில், மூச்சு வாங்கும் குரலில், “சொல்லித் தொலையேன்டா, பயமா இருக்குன்னு” என்றது.

நான் உள்ளங்கைகளை விரித்துவிட்டேன். சண்டை நின்றது. நிழல் மறைந்து, அதன் கணக்கு கண் முன்னால் வந்தது. என்னோடு ஆடியதைத் தவிர, ‘விருந்தினர்’ என்று யாரோ ஒருவரோடு அது பல தடவை மோதியிருக்கிறது. கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் மண்ணைக் கவ்வியிருக்கிறது. தொட முடியாதவரை யாரோ வாரக்கணக்காகத் தொட்டுத் தொட்டுத் துவைத்திருக்கிறார்கள்.

ஒரு பழைய சண்டையைத் திரும்ப ஓடவிட்டேன். விருந்தினருக்கும் முகம் இல்லை. உயரம் என் தோளுக்கு இருந்தது. நிழல் வலப்பக்கம் நழுவும் என்று தெரிந்து, அந்தப் பக்கத்திலேயே காத்திருந்தது அந்த உருவம். நிழல் வந்து சேர்ந்ததும் இரண்டு கைகளையும் மேலே தூக்கி, ஈர விரிப்பை உதறுகிற மாதிரி ஒரே உதறு உதறியது. நிழல் சுருண்டு விழுந்தது. அந்த உதறலை நான் இருபத்தைந்து வருடமாக மொட்டை மாடியில் பார்த்து வருகிறேன். வேறு எந்த மனுஷியும் அப்படி உதற மாட்டாள்.

கடைசிச் சண்டையையும் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். அதில் விருந்தினர் அடிக்கவே இல்லை. நிழல் தன் பாட்டுக்குக் குத்திக்கொண்டும் முணுமுணுத்துக்கொண்டும் இருக்க, அந்த உருவம் ஒதுங்காமல் நின்று வாங்கிக்கொண்டிருந்தது. “பயமா இருக்குன்னு” என்று நிழல் சொன்னதும் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு தன் இரண்டு உள்ளங்கைகளையும் மெதுவாக விரித்துக் காட்டியது. ஜெயிக்கத் தெரிந்தவள் எனக்காகத் தோற்றிருக்கிறாள் என்று புரிந்தபோது பெட்டிக்குள் கண்ணாடி மங்கலாகிவிட்டது. வியர்வை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.

பெட்டியைக் கழற்றிவிட்டு அறைக்குள் போனேன். கண்ணைச் சுற்றிப் பெட்டியின் அழுத்தம் சிவப்பு வளையமாகப் பதிந்து, தலைமுடி கோழி கிளறிய மாதிரி நின்றிருக்கும். அந்தக் கோலத்தில் ஒரு மனுஷன் வாழ்க்கையின் முக்கியமான பேச்சைப் பேசப் போகக் கூடாது. அவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அன்று அவளுக்கு மத்தியானத்தோடு வேலை முடிந்திருந்தது.

நீதான் என் நிழலோடு ஆடினாயா என்று கேட்டேன். ஆமாம் என்றாள், சட்டைக் காலரைத் தடவிக்கொண்டே. அது பேசியதையெல்லாம் கேட்டாயா என்றேன்.

“கேட்காம எப்படி? அது வாயையே மூட மாட்டேங்குது” என்றாள். “மொதல்ல உங்களை நாலு சாத்து சாத்தணும்னுதான் மாட்டினேன். மனசு ஆறுச்சு, பொய் சொல்லல. அப்புறம் பேச்சு கேட்கத்தான் மாட்டினேன். வீட்ல இருக்கிற மனுஷன் எங்கிட்ட பேசறதே இல்லையே.”

எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் தன்மானம் என்று ஒன்று இருக்கிறதே, அது தவறான நேரத்தில்தான் எழுந்து நிற்கும். நான் நெஞ்சை நிமிர்த்தி, உலகத்திலேயே பெருந்தன்மையான கணவனின் குரலை வரவழைத்துக்கொண்டு, நீ தாராளமாகப் போகலாம், நான் தடுக்க மாட்டேன் என்று அறிவித்தேன். கைதட்டல் வரும் என்றுகூட எதிர்பார்த்தேன் போல.

அவள் மடிப்பதை நிறுத்தினாள். “நான் போறேன்னு போன வாரமே ஆபீஸ்ல சொல்லிட்டேன்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் வலித்தது. “போகட்டுமான்னு நான் உங்ககிட்ட எப்பங்க கேட்டேன்? நீங்க கூட வருவீங்களான்னு தெரிஞ்சுக்கத்தான் அத்தனை தடவை கேட்டேன்.”

நான் அவளுக்கு நேரே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வாரமாக நான் என்னவோ ஒரு பெரிய தீர்ப்பைக் கையில் வைத்திருப்பதாகவும், அதைச் சொல்லாமல் இருப்பதே ஒரு கண்ணியம் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னிடம் தீர்ப்பே கேட்கவில்லை. துணைக்கு வரச் சொல்லி அழைத்திருக்கிறாள், நான் தலைவலி என்றிருக்கிறேன்.

“எனக்குப் பயமா இருக்கு” என்றேன். குரல் கீச்சென்று வந்தது. நிழல் இதைவிடக் கம்பீரமாகச் சொல்லியிருந்தது.

“தெரியும்” என்றாள்.

“இருந்தாலும் வர்றேன்.”

அவள் மடித்து வைத்த துணிகளுக்கு அடியிலிருந்து போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். சின்ன அறை, ஒரு ஜன்னல், ஒரு மேசை, சுவரோரமாக ஒற்றைக் கட்டில். கட்டில் சின்னதாக இருந்தால் என்ன, நான் கீழே படுத்துக்கொள்கிறேன் என்றேன். அவள் முகத்தில் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “லேடீஸ் ஹாஸ்டல்ங்க” என்றாள். “நீங்க வர மாட்டீங்கன்னு முடிவு பண்ணி எடுத்தது. ஆம்பளைங்களை கேட்டுக்குள்ளயே விட மாட்டாங்க.”

நான் பதில் சொல்லாமல் ஒதுங்கி நின்ற நாட்களில், நான் இல்லாத ஒரு அறையை அவள் தேடி, பார்த்து, சரி சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். ஜன்னல் எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்டிருப்பாள். அந்தப் படத்தில் என் செருப்பை விடக்கூட இடம் இல்லை.

அப்படியானால் என்ன செய்வது என்று கேட்டேன். வேலையில் சேரும் நாள் பக்கத்தில் வந்துவிட்டது, அதை மாற்ற முடியாது, தான் முதலில் ஹாஸ்டலுக்குப் போவதாகச் சொன்னாள். வீடு தேட இனி தனக்கு நேரமில்லை, வேண்டுமானால் நீங்கள் தேடுங்கள் என்றாள். வேண்டுமானால் என்ற சொல்லில் கொஞ்சம் நின்று, என் கண்ணைப் பார்த்தாள்.

நான் வீடு தேடியதே கிடையாது. முன்பின் தெரியாதவர்களுக்குப் போன் போட்டுப் பேசுவதென்றால் எனக்கு ஆகவே ஆகாது. இந்த வீட்டைக்கூட அவள்தான் பேசி முடித்தாள், நான் பின்னால் நின்று தலையாட்டினேன். போனைக் கையில் கொடுத்துவிட்டு அவள் மறுபடி துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். தேடினேன், திரையில் அந்த ஊர் வாடகை வீடுகள் ஒவ்வொன்றாக வந்தன. இரண்டு அறை உள்ள ஒரு வீட்டைப் பார்த்து, அதன் கீழிருந்த எண்ணை அழுத்திக் காதில் வைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்காமல் இருந்தால் நன்றாயிருக்கும் என்று ஒரு கணம் நினைத்ததை மறைக்க விரும்பவில்லை.

எடுத்துவிட்டார்கள். வயதான ஒரு குரல், யார் வேண்டும் என்றது. வீடு வாடகைக்கு வேண்டும் என்றேன். எத்தனை பேர் என்று கேட்டது. இரண்டு பேர், நானும் என் மனைவியும் என்றேன்.

“நீங்க எங்க வேலை பார்க்கறீங்க?” என்று கேட்டது அந்தக் குரல்.

எதிரே துணி மடிக்கும் கை நின்றது. நான் அவள் காதில் விழும்படி சத்தமாகவே சொன்னேன்.

“வேலை அவங்களுக்குங்க. நான் கூட வர்றேன்.”